நானா?

மாப்பிள்ளைக்கு ஆகஸ்ட் பாதியில் தும்மல் தொடங்கும். ஒன்றிரண்டோடு நிற்காது. காலையில் காபி டம்ளரைக் கையில் எடுத்தாரென்றால் பத்து, பதினொன்று என்று போய்க்கொண்டிருக்கும். பேத்தி எதிரே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவாள். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, செப்டம்பர் கடைசி வரைக்கும் மனிதர் கைக்குட்டையும் கையுமாக அலைவார்.

சால்ட் லேக் சிட்டியில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் எழுபது வயதுக்காரர், நல்ல மாதிரி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எல்லாம் அந்தக் கோல்டன்ராட் பண்ணும் வேலை. மலையடிவாரம் முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதே, பார்க்கவில்லையா?" என்றார். மாப்பிள்ளையும் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அத்தை, அந்த மஞ்சப் பூ பக்கம் மட்டும் போயிராதீங்க" என்றார். நானும் தலையாட்டினேன்.

தலையாட்டியது தப்பு. கோவில்பட்டியில் முப்பத்தொரு வருஷம் மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் எடுத்தவள் நான். ஒரு செடியை நேரில் பார்க்காமல், பூவைப் பிரித்துப் பார்க்காமல் அதன் மேல் குற்றம் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள். அந்தப் பாடத்தை வேலியோரத்தில் மறந்துவிட்டேன்.

முதலில், அடிவாரத்தில் மஞ்சளாகத் தெரிந்தது கோல்டன்ராடே இல்லை. மறுநாள் காலை நடைக்குப் போகும்போது கைலென்ஸை எடுத்துக்கொண்டு போனேன். ஊருக்குக் கிழக்கே வசாட்ச் மலைத்தொடர் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. அந்தச் சுவரில் நெடுகிலும் ஒரு கோடு ஓடும். குளம் வற்றினால் கல்கட்டில் பழைய நீர்மட்டம் கோடாகத் தெரியுமே, அதே மாதிரி. உண்மையிலேயே அது நீர்மட்டக் கோடுதான். பனியுகத்தில் அங்கே பான்வில் என்று மகா பெரிய ஏரி ஒன்று இருந்திருக்கிறது. இப்போதுள்ள உப்பு ஏரி அதன் அடிமண்டி. அந்தக் கோட்டின் மேலே நடைபாதை போட்டிருக்கிறார்கள். பாதையோரம் இடுப்பளவுக்குப் புதர் புதராக மஞ்சள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது ராபிட்பிரஷ் என்கிற முயல்புதர். பூவில் இதழ் மாதிரி விரிகிற சிறுமலரே கிடையாது, வெறும் குழாய்ப் பூக்கள். தண்டும் மரத்தண்டு. கோல்டன்ராட் என்றால் பூவைச் சுற்றிக் குட்டி குட்டியாக மஞ்சள் நாக்குகள் இருக்க வேண்டும். இல்லை.

ஆக, ஊரே கைநீட்டிக் காட்டிய ஆள் அங்கே இல்லை. அப்படியென்றால் அசல் ஆள் எங்கே என்று தேடத் தோன்றியது. ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை?

நேரில் பார்க்க வாய்த்தது செப்டம்பர் முதல் வாரம். மூன்று நாள் விடுமுறை வந்தது. நெவாடா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் கிரேட் பேசின் தேசியப் பூங்கா இருக்கிறது, நாலு மணி நேரக் கார்ப் பயணம் என்று கிளம்பினோம். மகள் இட்லிப் பொடியையும் மறக்கவில்லை, புளியோதரையையும் மறக்கவில்லை.

அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலை ஒன்று வரும், ஏறி இறங்கினால் வெளுத்த சமவெளி. அது முடிந்தால் இன்னொரு மலை, மறுபடியும் சமவெளி. துணியைச் சுருக்கம் வைத்துத் தைத்த மாதிரி வடக்கு தெற்காக வரிசை வரிசையாக மலைகள். நடுவில் ஊரே கிடையாது. கிரேட் பேசின் என்றால் பெரிய வட்டில் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டிலில் விழுந்த தண்ணீர் வெளியே போகாது. அந்தப் பகுதியில் ஓடுகிற எந்த ஆறும் கடலைப் பார்ப்பதில்லை. உப்பு ஏரியில் போய்ச் சேரும், அல்லது மணலுக்குள் இறங்கி ஆவியாகிப் போகும். ஷோஷோனி, கோஷ்யூட், பையூட் மக்களின் பூர்விக மண் அது.

ஏன் இத்தனை வறட்சி? எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பசிபிக் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்றை மேற்கே சியரா நெவாடா மலை மறித்து வாங்கிக்கொள்கிறது. மிச்சம்தான் இந்தப் பக்கம் வரும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது கோவில்பட்டியில் வெறுங்காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறதே, அதே மழைமறைவுக் கணக்கு. ஆனால் எங்கள் கரிசலில் பெய்கிற மழையில் பாதிகூட அந்தச் சமவெளிகளில் பெய்வதில்லை. பெய்வதிலும் பெரும்பங்கு குளிர்காலத்தில் பனியாக விழுந்து, வசந்தத்தில் உருகி இறங்குவது. ஜூன் மாதத்துக்குப் பிறகு மண் உலர்ந்துவிடும். கோடையில் என்றைக்காவது இடி இடித்து ஒரு பாட்டம் மழை. அவ்வளவுதான்.

பூங்காவுக்கு எல்லாரும் வருவது பிரிசில்கோன் பைன் மரங்களைப் பார்க்க. வீலர் சிகரம் 3,982 மீட்டர் உயரம். அதன் தோளில் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி நிற்கின்றன அந்தக் கிழட்டு மரங்கள். அங்கே நின்ற ஒரு மரத்தை 1964-இல் ஆராய்ச்சிக்கென்று அனுமதி வாங்கி வெட்டிவிட்டு வளையத்தை எண்ணினார்கள். 4,800-க்கு மேல் போனது. வெட்டின பிறகு எண்ணி என்ன பிரயோஜனம் என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான். சரி, அது வேறு கதை. பாதையில் கால்வாசி ஏறியதும் எனக்கு மூச்சு வாங்கியது, முழங்காலும் பிடித்துக்கொண்டது. இறங்கிவிட்டேன். அவர்கள் பார்த்துவிட்டு வரும்வரை காரில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி இறங்குகிற வழியில், 2,400 மீட்டர் உயரம் இருக்கும், வண்டி நிறுத்த ஒதுக்கிய இடம் ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தோம். சுற்றிலும் சாம்பல் பச்சையாக சேஜ்பிரஷ் புதர். இலையைக் கசக்கி மோந்தேன். மூக்கு சட்டென்று எங்கள் ஊர்ப் பூக்கடைக்குப் போய்விட்டது. மரிக்கொழுந்து! கற்பூரம் கொஞ்சம் கூடுதலாகக் கலந்த மரிக்கொழுந்து. வாசனை ஏமாற்றவில்லை, இரண்டும் ஆர்ட்டிமிசியா என்ற ஒரே பேரினம். கதம்பத்தில் ஒரு கொத்துக்குக் கணக்குப் பார்க்கிற பொருள் அங்கே மைல் கணக்கில் காடாக நிற்கிறது.

புளியோதரை பிசைந்த கையோடு பேத்தி கூப்பிட்டாள். "ஆச்சி, இங்க பாரு, கீழ ஒண்ணு இருக்கு!"

இரண்டு சேஜ்பிரஷ் புதர்களுக்கு நடுவில், சரளைக்கல் மண்ணில், ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஒரு செடி. செடி என்பதைவிட ஒரு சின்னக் கும்பல் என்று சொல்ல வேண்டும். அடியில் கரண்டி மாதிரி இலைகள் வட்டமாகத் தரையோடு படிந்திருக்கின்றன. அதிலிருந்து ஏழெட்டுத் தண்டு சாய்ந்து மேலே வளைந்து நிற்கின்றன. ஒவ்வொரு தண்டின் நுனியிலும் மஞ்சள்பொடியைக் குவித்து வைத்த மாதிரி பூக்கொத்து. இலையைத் தொட்டால் பூனைக்குட்டிக் காது மாதிரி இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இலை முழுக்க நுண்ணிய வெள்ளை முடி. அதனால்தான் தூரத்திலிருந்து பார்த்தால் இலை பச்சையாகத் தெரியாமல் விபூதி பூசிய மாதிரி தெரிகிறது.

பூங்கா அலுவலகத்தில் வாங்கிய காட்டுப்பூக் கையேடு மடியில் இருந்தது. பக்கத்தைப் புரட்டி, இலை, முடி, உயரம், கொத்து என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் எழுத்துக்கூட்டினாள்.

"சா... லி... டா... கோ... நானா." நிமிர்ந்து, தன் நெஞ்சில் விரலை வைத்து, "நானா?" என்றாள். சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது அவளுக்கு.

சாலிடாகோ என்பது கோல்டன்ராட் பேரினத்துக்கு லின்னேயஸ் காலத்திலிருந்து வழங்கும் பெயர். முழுசாக்கு, ஆற்று என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் வளரும் கோல்டன்ராடை வெட்டுக்காயத்துக்கு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் அதே குடும்பத்து மூக்குத்திப் பூண்டை வெட்டுக்காயப் பச்சிலை என்று சொல்லிக் கசக்கிப் பிழிவது மாதிரி. நானா என்றால் குள்ளம். ஆங்கிலத்தில் இதற்கு பேபி கோல்டன்ராட் என்றே பெயர். தமிழில் குள்ளத் தங்கக்கோல் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பேத்தியோ அன்றிலிருந்து அதை 'நானா' என்றுதான் சொல்கிறாள். தும்மலுக்குக் காரணம் யார் என்று ஊரே கேட்கும்போது, "நானா?" என்று கேட்கிற மாதிரியே இருக்கிறது. எனக்கும் அந்தப் பெயர்தான் பிடித்துவிட்டது.

விசாரணையை அங்கேயே நடத்தினோம். தேசியப் பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது, ஆகவே குனிந்தபடிதான். பேத்தியின் கறுப்புக் குடையை விரித்து, நானாவின் பூக்கொத்துக்கு அடியில் பிடிக்கச் சொன்னேன். தண்டை நகத்தால் லேசாகச் சுண்டினேன். குடைத்துணியில் ஒரு எறும்பு விழுந்தது, வேறொன்றும் விழவில்லை. பூவை விரல்நுனியால் தொட்டேன். மகரந்தம் பசை மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டது. ஊதினேன், போகவில்லை. கோல்டன்ராட் வகையின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, பூச்சியின் காலிலும் வயிற்று முடியிலும் ஒட்டிக்கொண்டு போவதற்கென்றே அமைந்தது. காற்றில் மிதந்து வந்து மனிதர் மூக்கில் ஏற அதனால் முடியாது. பூவுக்கு மஞ்சள் நிறமும் தேனும் இருக்கிறது என்றாலே பூச்சியை நம்பிப் பிழைக்கிற பூ என்று அர்த்தம். இது பதினொன்றாம் வகுப்புப் பாடம்.

பிறகு குடையைப் பக்கத்திலிருந்த சேஜ்பிரஷுக்கு அடியில் பிடித்தோம். அதுவும் பூக்கிற பருவம்தான். ஆனால் பூக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. நிறமில்லாத, அரிசிக்குறுணை அளவுப் பூக்கள். சுண்டியதும் குபுக்கென்று புகை மாதிரி ஒரு தூசி கிளம்பியது. கறுப்புத் துணியில் மெல்லிய மஞ்சள் படலம். பத்தடி தள்ளி நின்ற மாப்பிள்ளை தும்ம ஆரம்பித்தார். பேத்தி எண்ண ஆரம்பித்தாள்.

கிழக்கு அமெரிக்காவில் இதே குற்றத்தைச் செய்வது ராக்வீட் என்கிற களை. ஒரே செடி ஒரு பருவத்தில் நூறு கோடி மகரந்தத் துகளைக் காற்றில் விட முடியும் என்பார்கள். அதன் பூவும் கண்ணில் படாத பச்சைப் பூ. அதே மாதத்தில் பக்கத்திலேயே கோல்டன்ராட் மஞ்சளாகப் பளிச்சென்று நிற்கும். தும்முகிறவன் கண்ணை உயர்த்தினால் தெரிவது மஞ்சள், பழி அதன் தலையில். நம் ஊரில் சாலையோரமெல்லாம் பிடித்துக்கிடந்து தோலரிப்பும் மூச்சிரைப்பும் தருகிற பார்த்தீனியம் இந்த ராக்வீடுக்கு நெருங்கிய பங்காளி. இதில் வேடிக்கை என்னவென்றால் பார்த்தீனியம், ராக்வீட், சேஜ்பிரஷ், மரிக்கொழுந்து, மூக்குத்திப் பூண்டு, சாமந்தி, நானா எல்லாமே ஆஸ்டரேசி என்ற ஒரே குடும்பம். குற்றவாளியும் நிரபராதியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இன்னொரு ஒற்றுமை உண்டு. கையேட்டில் நானாவின் பெயருக்குப் பின்னால் 'நட்.' என்று ஒரு சுருக்கம் இருந்தது. சேஜ்பிரஷைப் புரட்டினேன், அங்கேயும் அதே 'நட்.' இரண்டுக்கும் பெயர் வைத்தவர் ஒரே ஆள், தாமஸ் நட்டால். 1840-ஐ ஒட்டி ஃபிலடெல்ஃபியாவின் தத்துவக் கழக வெளியீட்டில், ஒரே தொகுதியில், இரண்டையும் விவரித்திருக்கிறார்.

நட்டாலின் கதையை வகுப்பில் சொல்லாமல் போனேனே என்று வருத்தமாக இருக்கிறது. இங்கிலாந்தில் 1786-இல் பிறந்தவர். பல்கலைக்கழகம் பக்கம் போனதில்லை, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். செடிப் பைத்தியம் பிடித்து, 22 வயதில் கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்துவிட்டார். 1811-இல் மிசூரி ஆற்றில் படகோடு போனபோது, கரை கண்ட இடத்தில் எல்லாம் இறங்கிச் செடி பறிக்க ஓடுவாராம். படகோட்டிகள் அவரைப் பைத்தியம் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். தற்காப்புக்குக் கொடுத்த துப்பாக்கியைக் கிழங்கு தோண்டப் பயன்படுத்தி, குழாய் முழுக்க மண் அடைத்து வைத்திருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். பிறகு ஹார்வர்டில் தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. 1834-இல் அதை உதறிவிட்டு, 48 வயதில், வியாபாரி ஒருவரின் கூட்டத்தோடு ராக்கி மலைகளைத் தாண்டிப் பசிபிக் கரைக்கு நடந்தும் குதிரையிலும் போனார். மேற்கு வறள்நிலச் செடிகள் பலவற்றுக்கு அவர் வைத்த பெயர்கள்தாம் இன்றைக்கும். 1836-இல் சான் டியகோ கடற்கரையில் ஒரு பெரியவர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வெறுங்காலில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார். கப்பலில் மாலுமியாக வந்திருந்த டேனா என்ற இளைஞர் பார்த்தால், ஹார்வர்டில் தனக்குப் பழக்கமான நட்டால்! டேனா அதைத் தன் கடற்பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் சித்தப்பாவோ பெரியப்பாவோ ஒருவர் விட்டுப்போன சொத்துக்காக இங்கிலாந்து திரும்பினார். வருஷத்தில் ஒன்பது மாதம் அங்கேயே தங்க வேண்டும் என்பது உயிலின் நிபந்தனை. 1859-இல் அங்கேயே இறந்தார். சொத்து வந்த பிறகு மேற்கு மலைகளை அவர் பார்க்கவே இல்லை.

நானாவின் சொந்தக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோல்டன்ராட் வகை நூற்றுக்கும் மேல், பெரும்பாலும் வட அமெரிக்காவில். கென்டக்கிக்கும் நெப்ராஸ்காவுக்கும் மாநிலப் பூ. தாமஸ் எடிசன் கடைசிக் காலத்தில் ரப்பருக்கு அந்நிய நாட்டை நம்பக் கூடாது என்று ஃபோர்டையும் ஃபயர்ஸ்டோனையும் சேர்த்துக்கொண்டு 1927-இல் ஆராய்ச்சி தொடங்கினார். பதினேழாயிரம் மாதிரிகளைச் சோதித்து, கடைசியில் தேர்ந்தெடுத்தது கோல்டன்ராடை. பன்னிரண்டடி உயரத்துக்கு வளர்த்து இலையிலிருந்து ரப்பர் எடுத்தும் காட்டினார். 1931-இல் அவர் போய்ச் சேர்ந்தார், பிறகு செயற்கை ரப்பர் வந்து அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. கனடா கோல்டன்ராட் என்று ஒரு அண்ணன் உண்டு, ஆளுயரம் வளர்வான். அலங்காரச் செடியாக சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே அடங்காத களை. நம் ஊர்க் கல்யாண வரவேற்பில் பொக்கே நீட்டுகிறார்களே, ரோஜாவுக்கு நடுவே மஞ்சள் துரும்பு மாதிரிச் செருகியிருக்குமே, அதுவும் இந்தக் குடும்பத்துத் தோட்ட வகைதான். கடைக்காரர்களும் கோல்டன்ராட் என்றே சொல்வார்கள். வாங்கினவர்கள் அதைப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

நானா அப்படி ஊர் சுற்றவில்லை. ராக்கி மலைக்கும் சியரா நெவாடாவுக்கும் இடைப்பட்ட வறண்ட மலைநாட்டில், யூட்டா, நெவாடா, ஐடஹோ, வயோமிங் என்று அந்த வட்டாரத்தோடு நின்றுவிட்டது. நானும் வறட்சிப் பூமிக்காரி என்பதால் அதன் குடித்தனம் எனக்குப் புரிந்தது. உயரமாக வளர்ந்தால் காற்று ஈரத்தைப் பிடுங்கும், ஆகவே தரையோடு தரையாக இருக்கிறது. இலையின் வெள்ளை முடி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, இலையை ஒட்டிய ஈரக்காற்றைப் பறக்கவிடாமல் பிடித்து வைக்கிறது. மண்ணுக்குள்ளே மரம் மாதிரி இறுகிய அடித்தண்டு ஒன்று கிளைபிரிந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் மேலே எல்லாம் கருகிப்போனாலும் அது பனிக்கு அடியில் உயிரோடு இருக்கும். பனி உருகின ஈரத்தில் இலை விட்டு, கோடையில் பூத்து, செப்டம்பர் தாண்டினால் பஞ்சு வைத்த விதையைக் காற்றில் விட்டுவிட்டு மறுபடியும் உள்ளே போய்விடும். எங்கள் பக்கத்துச் சம்சாரி, மழையைப் பார்த்து விதைத்து, தை மாசத்தோடு காட்டைக் காயப்போடுவது மாதிரிதான்.

சின்னச் செடி என்று சொன்னேன், பூக்கணக்கில் சின்னது இல்லை. வகுப்பில் சாமந்தியைப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். ஒரு பூ என்று நாம் சூடுவது உண்மையில் ஒரு கூட்டம், சிரமஞ்சரி. ஓரத்தில் நாக்கு மாதிரி நீட்டியிருப்பது ஒவ்வொன்றும் ஒரு பூ, நடுவில் பொட்டு மாதிரி இருப்பதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பூ. நானாவில் ஒரு தலை நெல்மணி அளவுதான். லென்ஸில் எண்ணினேன். ஓரத்தில் எட்டு நாக்கு, நடுவில் பன்னிரண்டு குழாய். ஆக இருபது. ஒரு தண்டில் நாற்பது தலை என்று வைத்தாலும் எண்ணூறு பூ. அந்த மாதிரி ஏழு தண்டு. சாணளவுச் செடியில் ஐயாயிரம் பூவுக்கு மேல். பேத்தி பெருக்கலைக் கையில் போட்டுப் பார்த்துவிட்டு நம்பாமல் மறுபடியும் போட்டாள்.

அந்த ஐயாயிரத்துக்கும் வாடிக்கையாளர் உண்டு. உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் மூன்று தினுசுத் தேனீ வந்தன. ஒன்றுகூட நமக்குத் தெரிந்த கூட்டுத் தேனீ இல்லை. ஒன்று எறும்பைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒன்று பச்சையாக மினுங்கியது. யூட்டா மாநிலத்தின் சின்னம் தேன்கூடு, ஆனால் தேன்கூடு கட்டுகிற தேனீ ஐரோப்பாவிலிருந்து வந்த வந்தேறி. மண்ணின் சொந்தத் தேனீக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகை அந்த மாநிலத்தில் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியாக வாழ்கின்றன, மண்ணில் விரல்நுழையாத துளை போட்டு, அதற்குள் மகரந்த உருண்டை வைத்து, மேலே முட்டையிட்டு மூடிவிட்டுப் போகின்றன. செப்டம்பரில் மற்றப் பூக்கள் எல்லாம் காய்ந்த பிறகு, குளிருக்கு முன்னால் கிடைக்கிற கடைசிச் சாப்பாடு கோல்டன்ராடும் முயல்புதரும்தான்.

அந்த நாட்டுக்கு இப்போது பெரிய தொல்லை சீட்கிராஸ் என்கிற புல். ஐரோப்பா, ஆசியாப் பக்கமிருந்து போனது. வசந்தத்தில் எல்லாருக்கும் முந்தி முளைத்து ஈரத்தைக் குடித்துவிடும், ஜூன் மாதத்தில் காய்ந்து சருகாகி நிற்கும். ஒரு மின்னல், ஒரு சிகரெட் துண்டு போதும். வருகிற வழியில் ஒரு மலைச்சரிவு முழுக்கக் கறுத்துக் கிடந்ததைப் பார்த்தோம். சேஜ்பிரஷ் எரிந்தால் அடியிலிருந்து துளிர்க்காது, விதையிலிருந்துதான் வர வேண்டும், அது வருவதற்குள் புல் மறுபடியும் இடம்பிடித்துவிடுகிறது. நானாவும் தேனீக்களும் குடியிருப்பது சேஜ்பிரஷின் இடுக்கில்தான். மாப்பிள்ளையைத் தும்மவைத்தாலும் அந்தப் புதர் அங்கே நிற்க வேண்டியதுதான்.

ஊர் திரும்பியதும் மகள் மாப்பிள்ளையை அலர்ஜி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். முன்கையில் வரிசையாகப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மகரந்தச் சொட்டை விட்டு ஊசியால் கீறினார்கள். கால் மணி நேரத்தில் சேஜ்பிரஷ் சொட்டு வைத்த இடம் கொசுக்கடி மாதிரி, இல்லை, குளவிக்கடி மாதிரி வீங்கியது. புல் மகரந்தத்துக்கும் கொஞ்சம். மாத்திரையும், மூக்கில் அடிக்கிற மருந்தும், ஆகஸ்ட் தொடங்குமுன்பே ஆரம்பித்துவிடுங்கள் என்ற யோசனையும் கிடைத்தன.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் போய் முழுசாகச் சொன்னேன். குடையை விரித்தே காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் அந்த மஞ்சள்..." என்றார். நாற்பது வருஷ நம்பிக்கை, ஒரு குடைக்கு அசையுமா?

அமெரிக்காவின் மேற்குப் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் பெட்டியில் பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், அதிக விலை இல்லை. மலைப்பக்கம் கூட்டிப்போனால் சிகரத்தைப் பார்த்த பிறகு காலடியையும் பாருங்கள். புதராக, இதழில்லாமல் இருந்தால் அது முயல்புதர். சாணளவில், சாம்பல் இலையோடு, ஓரத்தில் மஞ்சள் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தால் நானாவாக இருக்கலாம். பறிக்காதீர்கள், பூங்காவில் அபராதம் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள் தரையில் விரித்து உட்கார ஒரு துண்டும் எடுத்துப் போங்கள்.